ஜம்பர் போட்ட கேபிளும் குறுக்கே வெட்டுப்பட்ட மயிலும்

எனக்குச் சோறு போடுவது வே பிரிட்ஜ் சர்வீஸ். லாரி ஏறி நிற்கும் எடைமேடை, அதற்குப் பக்கத்து ரூமில் எடையைக் காட்டும் ஒரு இண்டிகேட்டர், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சீரியல் கேபிள், இவ்வளவுதான் என் உலகம். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக இந்தக் கேபிளை நானே சால்டர் செய்து கொடுக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். 3 கம்பி, கம்ப்யூட்டர் பக்கம் 7-ம் பின்னுக்கும் 8-ம் பின்னுக்கும் ஒரு ஜம்பர், அதாவது இரண்டையும் சேர்க்கும் கம்பித் துண்டு, 1, 4, 6 மூன்றையும் சேர்த்து இன்னொரு ஜம்பர். கட்டி மாட்டினால் எடை திரையில் ஓட ஆரம்பித்துவிடும். காசை வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அந்தப் பழக்கம்தான் நாமக்கல்லில் என் மச்சினன் கடையில் என்னை மாட்டிவிட்டது. அவன் வைத்திருப்பது ஸ்டிக்கர் கடை. லாரி பாடி கட்டுகிற ஊர், முன் கண்ணாடியில் சாமி பேர், பின்னால் மயில், கதவில் கம்பெனி பேர் என்று வேலைக்குப் பஞ்சமே கிடையாது. வினைல் ரோலைப் போட்டால் சின்னக் கத்தியால் கோடு வெட்டித் தள்ளும் கட்டிங் பிளாட்டர் ஒன்று, பழசுதான், 9 பின் சீரியல் போர்ட்டோடு இருக்கிறது. ஒரு நாள் காலையில் போன். “மச்சான், எலி கேபிளக் கடிச்சுருச்சுங்க. நாளைக்கு ரெண்டு வண்டிக்கு ஒட்டணும், வந்து ஒரு வயர் மட்டும் போட்டுக் குடுத்துருங்க.”

ஒரு வயர்தானே என்று போனேன்.

முதல் வேலை மிஷினின் எந்தப் பின் பேசுகிறது, எந்தப் பின் கேட்கிறது என்று பார்ப்பது. இதற்கு மேனுவல் தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். சீரியல் போர்ட்டில் டேட்டா அனுப்பும் கம்பி சும்மா இருக்கும்போது நெகட்டிவில் கிடக்கும், மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். கேட்கும் கம்பியில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டான 5-ம் பின்னில் வைத்து, சிவப்பை 2-லும் 3-லும் மாற்றி மாற்றி வைத்தால் எதில் மைனஸ் வருகிறதோ அதுதான் வாய், மற்றது காது. கம்ப்யூட்டரில் வாய் எப்போதும் 3, காது 2. இந்த மிஷினில் 2-ல் மைனஸ் 8.6 காட்டியது. அதாவது கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பக்கம் கட்டுகிற மோடம் ஜாதி, நேர் கேபிள் போதும், 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 5. மிஷினிலும் 3-ல் மைனஸ் வந்திருந்தால் இரண்டும் கம்ப்யூட்டர் ஜாதி, அப்போது 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிப் போட வேண்டும். வாயோடு வாயைக் கட்டினால் யாருக்கும் எதுவும் கேட்காது, அவ்வளவுதான் விஷயம். இதை நல்லது கெட்டது தெரியாமல் வெறும் ‘கிராஸ் கேபிள்’, ‘ஸ்ட்ரெயிட் கேபிள்’ என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கேபிள் தயார். என் பழைய ஜம்பர்களையும் மறக்காமல் போட்டேன். டெஸ்ட்டுக்கு ‘அ’ என்று ஒரு எழுத்து கொடுத்தான், பொம்மை மாதிரி அழகாக வெட்டியது. அடுத்து ‘நாமக்கல்’ என்று முழு வார்த்தை, அதுவும் ஓகே. கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி போன். மயில் வெட்டக் கொடுத்திருக்கிறான், தோகை விரித்த மயில், ஒரு லாரியின் பின்பக்கம் முழுக்க வரும் அளவு. அலகு வந்தது, கழுத்து வந்தது, அதுவரை சரி. பத்துப் பதினைந்து செகண்டில் கத்தி திடீரென்று ஷீட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே இழுப்பு, அப்புறம் குழந்தை கிறுக்கினது மாதிரி கண்டபடி வெட்டியிருக்கிறது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது கடையில் கூடியிருந்த ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிளேடு மழுங்கிவிட்டது என்றார் ஒருவர். கம்ப்யூட்டரில் வைரஸ் என்றான் பக்கத்துக் கடைப் பையன். மிஷினே போச்சு, புதுசு வாங்கு என்றார் இன்னொருவர், அவர் மிஷின் விற்கிறவர். மச்சினன் மட்டும் மெதுவாக, “நீங்க போட்ட வயருக்கு முன்னாடி நல்லாத்தாங்க ஓடிட்டிருந்துச்சு” என்றான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் ‘அ’ வெட்டியதே, ‘நாமக்கல்’ வெட்டியதே, வயரில் கோளாறு இருந்தால் அதெல்லாம் எப்படி வெட்டும்? அந்த ரோஷத்தில் பாட் ரேட்டை, அதாவது டேட்டா போகும் வேகத்தை, குறைத்துப் பார்த்தேன். 9600-ஐ 4800 ஆக்கினேன். இந்தத் தடவை அரை நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் கிறுக்கியது. 2400 வைத்தேன். ஐந்து நிமிஷம் எந்தத் தப்பும் இல்லாமல் வெட்டியது, நானும் ஜெயித்துவிட்டேன் என்று மீசையை முறுக்கும் நேரத்தில், தோகையின் நடுவே குறுக்காக ஒரு நீளக் கோடு. பார்த்துப் பார்த்து வெட்டிய மயிலைக் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது. வினைல் என்ன விலை விற்கிறது தெரியுமா.

ஆனால் அந்தக் கோடுதான் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது. வேகத்தைக் குறைக்கக் குறைக்க நோய் போகவில்லை, தள்ளித்தான் போகிறது. ஒரு தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி.

பிளாட்டருக்குக் கம்ப்யூட்டர் அனுப்புவது படம் இல்லை, எழுத்து. எச்பிஜிஎல் என்று ஒரு மொழி, எச்பி கம்பெனி தன் பேனா பிளாட்டர்களுக்காகக் கொண்டுவந்தது, பிறகு பல கட்டர்களும் அதையே புரிந்துகொள்கின்றன. ‘பிடி4512,1203’ என்று வந்தால் கத்தியை இறக்கி அந்த இடத்துக்குப் போ என்று அர்த்தம், ‘பியு’ என்றால் கத்தியைத் தூக்கிக்கொண்டு போ. ஒரு யூனிட் 0.025 மில்லிமீட்டர். ஆக 4512 என்றால் ஓரத்திலிருந்து 112.8 மில்லிமீட்டர். இப்போது வழியில் ஒரே ஒரு எழுத்து, அந்த 5 மட்டும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். மிஷினுக்கு வருவது 412. அதற்கு அது 10.3 மில்லிமீட்டர். மிஷின் சந்தேகமெல்லாம் படாது, கத்தியை இறக்கியபடியே 10 சென்டிமீட்டர் இந்தப் பக்கம் ஓடிவந்துவிடும். மயில் தோகையில் விழுந்தது அந்தக் கோடுதான். எடைமேடையில் ஒரு எழுத்து விழுந்தால் அடுத்த நொடியே சரியான எடை மறுபடி வந்துவிடும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே வெட்டினது வெட்டினதுதான்.

எழுத்து ஏன் விழுகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 9600 பாட், 8 பிட், தப்புப் பார்க்கும் பேரிட்டி பிட் இல்லை, முடிவைச் சொல்லும் ஸ்டாப் பிட் ஒன்று என்றால் ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து 10 பிட், அதாவது ஒரு செகண்டுக்கு 960 எழுத்து. மயில் ஃபைல் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பைட். கம்ப்யூட்டர் இரண்டரை நிமிஷத்தில் மொத்தத்தையும் கொட்டி முடித்துவிடும். மிஷினோ அதை வெட்டி முடிக்க 11 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது, கத்தி வளைவில் மெதுவாகத்தானே திரும்ப முடியும். சராசரியாக ஒரு செகண்டுக்கு 210 எழுத்துதான் அது சாப்பிடுகிறது. மீதி 750 எங்கே போகும்? மிஷினுக்குள் இருக்கும் பஃபர் என்கிற தொட்டியில் போய் உட்காரும். பஃபர் நிறைந்ததும் வருவதெல்லாம் கீழே. ‘அ’ எழுத்து மொத்தமே சில நூறு பைட், ‘நாமக்கல்’ இரண்டாயிரமோ என்னவோ, இரண்டும் பஃபருக்குள் அடங்கிவிட்டன. ஆக நான் செய்த டெஸ்ட் கேபிளைச் சோதிக்கவே இல்லை, தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பழைய கேபிள் இருந்தபோது மட்டும் எப்படி ஓடியது? அதில்தான் ‘பொறு’, ‘அனுப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் ஹேண்ட்ஷேக் கம்பிகள் இருந்தன. எலி கடித்ததில் 3 கம்பியை மட்டும் நான் எண்ணிப் பார்த்தேன், மீதி நான்கை ஓரங்கட்டிவிட்டேன்.

மறுபடி மீட்டரை எடுத்தேன். கறுப்பு 5-ல், சிவப்பு மிஷின் பக்கத்து 8-ல். பிளஸ் 8.7 காட்டியது. மிஷினில் பாஸ் பட்டனை அழுத்தி கத்தியை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து மயிலை அனுப்பச் சொன்னேன். மச்சினன் என்டர் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மீட்டரைப் பார்க்கிறேன். எட்டு என்று சொல்லும்போது பிளஸ் 8.7 படக்கென்று மைனஸ் 8.7 ஆகிவிட்டது. 8 செகண்ட், செகண்டுக்கு 960, அப்படியானால் பஃபர் 8 கிலோபைட் போல. மிஷின் எட்டாவது செகண்டில், ‘போதும், நிறுத்து’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சொன்னது கேட்க அந்தப் பின்னில் கம்பியே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் என்ன இருந்தது என்றால், நான் போட்ட ஜம்பர். 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துவிட்டதால் கம்ப்யூட்டர் ‘அனுப்பலாமா’ என்று 7-ல் கேட்டால், அதன் சொந்தக் குரலே 8-ல் திரும்பி வந்து ‘தாராளமாக’ என்கிறது. கிணற்றுக்குள் கத்திவிட்டு எதிரொலியை எதிராளி பேசினதாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் இந்த ஜம்பர்.

எடைமேடையில் இந்தப் பொய் ஏன் மாட்டிக்கொள்ளவில்லை? அங்கே இண்டிகேட்டர் மட்டும்தான் பேசும், கம்ப்யூட்டர் கேட்கும். கேட்பது கம்ப்யூட்டர், அனுப்புவது நாலு எழுத்து, ஒரு நாளும் நிரம்பி வழியாது. யார் யாரிடம் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கம்பி போட வேண்டும். எடைமேடையில் யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பிளாட்டர், பிரின்டர் என்றால் மிஷின் கம்ப்யூட்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த ஜம்பர் வழக்கம் வந்ததற்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிடிஎஸ் என்கிற 8-ம் பின்னை எதோடும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் சும்மா இருக்காது. உள்ளே ரிசீவர் சிப்பின் நுழைவாயில் 3 முதல் 7 கிலோ ஓம் தடையோடு கிரவுண்டைப் பார்த்தபடி இருக்கும், அதனால் அந்தப் பின் ‘இல்லை’ என்றுதான் படிக்கப்படும். ஹேண்ட்ஷேக்கை எதிர்பார்க்கும் புரோகிராம் அந்த ‘இல்லை’யைப் பார்த்துக்கொண்டே விடிய விடியக் காத்திருக்கும். அதனால்தான் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் ‘ஏழையும் எட்டையும் போடு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது வேலை செய்தது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து, 7-ம் பின்னான ஆர்டிஎஸ், 8-ம் பின்னான சிடிஎஸ் இரண்டும் இந்த வேலைக்குப் பிறந்தவையே இல்லை. இந்த சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 ஸ்டாண்டர்ட் அமெரிக்காவில் 1960-ல் வந்தது, நாமெல்லாம் இன்றுவரை கட்டி அழும் ‘சி’ பதிப்பு 1969. அன்றைக்கு ஒரு பக்கம் டெலிடைப்போ டெர்மினலோ, இன்னொரு பக்கம் மோடம், நடுவில் டெலிபோன் லைன். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடிகிற மோடம்கள் நிறைய. வாக்கி டாக்கியில் பட்டனை அழுத்திவிட்டுப் பேசுகிற மாதிரி, டெர்மினல் ஆர்டிஎஸ்ஸை உயர்த்தி ‘நான் பேசப் போகிறேன், லைனைத் திருப்பு’ என்று கேட்கும், மோடம் லைனைத் திருப்பி கேரியரைப் போட்டுவிட்டு சிடிஎஸ்ஸில் ‘சரி, பேசு’ என்று சொல்லும். பெயரே அதுதான், அனுப்ப அனுமதி கேட்டல், அனுமதி கொடுத்தல். பிற்காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் மோடம்களும், கம்ப்யூட்டரோடு நேராகக் கட்டுகிற பிரின்டரும் பிளாட்டரும் வந்தபோது, சும்மா கிடக்கும் இந்த இரண்டு கம்பியையும் எடுத்து அர்த்தத்தைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது ஆர்டிஎஸ் என்றால் ‘நான் அனுப்பப் போகிறேன்’ இல்லை, ‘எனக்கு இடம் இருக்கிறது, நீ அனுப்பலாம்’. பெயர் பழசு, வேலை புதுசு. புத்தகத்தில் ஒன்று படித்துவிட்டு மிஷினில் வேறொன்றைப் பார்த்து ஆள் குழம்புவதற்கு இதுதான் காரணம்.

பாசிட்டிவ், நெகட்டிவ் விஷயமும் தலைகீழ்தான். டேட்டா கம்பியில் மைனஸ் என்றால் 1, பிளஸ் என்றால் 0. கட்டுப்பாட்டுக் கம்பியில் பிளஸ் என்றால் ‘ஆம்’, மைனஸ் என்றால் ‘இல்லை’. பிளஸ் 3-க்கும் மைனஸ் 3-க்கும் நடுவில் இருப்பதற்கு அர்த்தமே கிடையாது, அந்த இடத்தில் மீட்டர் நின்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது எதிலும் கட்டப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கனெக்டரைக் கழற்றி 7-8 ஜம்பரை வெட்டினேன். 7-க்கு 7, 8-க்கு 8 என்று இரண்டு கம்பி புதிதாக ஓட்டினேன். 8 இல்லாமல் முடியாது, 7 இந்த மிஷினுக்குத் தேவையா என்றால் தெரிந்தவரை இல்லை, ஆனால் இருக்கட்டும் என்று போட்டேன். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர் ஜாதியாக இருந்தால் இதுவும் குறுக்கே போகும், 7 எதிர்ப்பக்க 8-க்கு, 8 எதிர்ப்பக்க 7-க்கு. 1, 4, 6 ஜம்பரை மட்டும் எடுக்கவில்லை. டிடிஆர் (4), டிஎஸ்ஆர் (6), கேரியர் டிடெக்ட் (1) மூன்றையும் இந்த மிஷின் தொடுவதே இல்லை, அங்கே பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்லா மிஷினும் அப்படி இல்லை. பழைய பேனா பிளாட்டர்கள், பல சீரியல் பிரின்டர்கள் ‘பொறு’ என்பதை டிடிஆர் பின்னில்தான் சொல்லும், 25 பின் கனெக்டரில் அது 20. அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் சிடிஎஸ்ஸில் கட்ட வேண்டும். பெயரைப் பார்த்துக் கட்டாதீர்கள், மீட்டரை வைத்து எந்தப் பின் திரும்புகிறது என்று பார்த்துக் கட்டுங்கள்.

சால்டர் வைக்கும்போது நான் இன்னும் செய்கிற இரண்டு தப்பு. ஒன்று, ஸ்லீவை முதலில் கம்பியில் கோர்க்க மறந்துவிட்டு, ஐந்து பின்னும் ஒட்டி முடித்தபின் நினைவு வருவது. இன்னொன்று, எண்ணைத் தலைகீழாகப் படிப்பது. ஆண் கனெக்டரை முகத்துக்கு நேராகப் பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலம் 1 முதல் 5, பெண் கனெக்டரில் வலமிருந்து இடம். சால்டர் வைக்கும் முதுகுப் பக்கம் திருப்பினால் அதுவும் மாறிவிடும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் அச்சடித்திருப்பார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது உத்தமம்.

மாட்டினேன். அனுப்பினேன். மயில் மறுபடியும் நாசம்.

அந்த நிமிஷம் மச்சினன் முகத்தை நான் பார்க்கவில்லை. மீட்டரை வைத்தால் 8-ல் பிளஸ், மைனஸ் எல்லாம் கம்ப்யூட்டர் முனை வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கம்பி வந்து கதவைத் தட்டினால் போதுமா, உள்ளே இருக்கிறவன் காது கொடுக்க வேண்டாமா? விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ஃப்ளோ கண்ட்ரோலை, அதாவது ‘பொறு’ என்பதை எதில் கேட்பது என்கிற செட்டிங்கை, ‘ஹார்டுவேர்’ என்றுதான் வைத்திருந்தேன். ஆனால் கட்டிங் சாஃப்ட்வேர் போர்ட்டைத் திறக்கும்போது தன்னுடைய செட்டிங்கைத்தான் எழுதிக்கொள்ளும், டிவைஸ் மேனேஜரில் இருப்பதை மதிக்காது. அதற்குள் போய்ப் பார்த்தால் ‘நன்’ (None), அதாவது எதையும் கேட்காதே என்று இருக்கிறது. என்றைக்கு மாறியதோ, முன்பு பாட் ரேட்டை நான் நோண்டியபோது என் கையே மாற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதை ‘ஹார்டுவேர்’ ஆக்கி, பாட் ரேட்டைத் திரும்ப 9600-க்குக் கொண்டுவந்து அனுப்பினோம். கத்தி அலகில் ஆரம்பித்தது. 8-ல் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ் என்று மாறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு மைனஸுக்கும் கம்ப்யூட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 11 நிமிஷம் கழித்து, தோகையின் கடைசிக் கண் வரை முழு மயில்.

ஒன்று கவனித்தேன். மைனஸ் வந்த பிறகும் கம்ப்யூட்டர் அந்த நொடியே நிற்பதில்லை, இன்னும் சில எழுத்துகள் போய்த்தான் நிற்கிறது. சீரியல் சிப்புக்குள்ளேயே ஒரு சின்ன வரிசை உண்டு, 16550ஏ சிப்பில் 16 எழுத்து. அது ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை அனுப்பித்தான் தீர்க்கும். தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தினாலும் பைப்பில் இருக்கிற தண்ணீர் தொட்டியில் வந்து விழுமே, அது மாதிரி. அதனால் நல்ல மிஷின் தொட்டி விளிம்பு தொடும் வரை காத்திருக்காது, இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்போதே கையைக் காட்டிவிடும்.

கம்பியே இல்லாமல் சாஃப்ட்வேரில் நிறுத்தும் வழியும் இருக்கிறது, எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப். மிஷின் 19-ம் எண் எழுத்தை அனுப்பினால் நிறுத்து, 17-ஐ அனுப்பினால் தொடரு. 3 கம்பி போதும், நாடா படிக்கும் காலத்துச் சரக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இரும்பு வெட்டும் சிஎன்சி மிஷின்களில், சீரியல் போர்ட் என்றால் இதுதான் ராஜா. ஆனால் யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கன்வெர்ட்டரோடு சேர்த்தால் தொல்லை. 19 வந்தது என்பது கன்வெர்ட்டருக்குள் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும், பரவலாகப் புழங்கும் ஒரு சிப்பின் டிரைவரில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லி செகண்ட். சிஎன்சி மிஷின்களில் இருக்கும் ஃபானுக் கம்பெனி கண்ட்ரோலில் நிறுத்தச் சொன்னபிறகு 10 எழுத்துக்கு மேல் வந்தால் 087 என்று அலாரம் போட்டுவிடும். 7 பிட், ஈவன் பேரிட்டி, 2 ஸ்டாப் என்றால் எழுத்துக்கு 11 பிட். 4800-ல் 16 மில்லி செகண்டுக்கு 7 எழுத்து, தப்பித்தீர்கள். 9600-ல் 14, மாட்டிக்கொண்டீர்கள். ‘லேப்டாப்பில் மட்டும் 087 வருகிறது, பழைய டெஸ்க்டாப்பில் வரவில்லை’ என்று கோயமுத்தூர் நண்பர் ஒருவர் புலம்பியபோது இந்தக் கணக்கைத்தான் சொன்னேன், அவர் 4800-க்கு இறங்கி நிம்மதியாக இருக்கிறார். அந்த ஃபானுக் மிஷின்களின் 25 பின் கனெக்டரில் 25-ம் பின்னில் 24 வோல்ட் வருகிறது, அதனால் 25 பின்னும் முழுக்கக் கட்டின ரெடிமேட் கேபிளைக் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள். இன்னொரு வேடிக்கை, கம்ப்யூட்டரின் 9 பின்னில் அனுப்புவது 3, 25 பின்னில் அனுப்புவது 2. ஆக 9-லிருந்து 25-க்கு 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகக் கட்டினால் அதுதான் கிராஸ் கேபிள்! ஐபிஎம் 1984-ல் ஏடி கம்ப்யூட்டருக்கு 9 பின்னைக் கொண்டுவந்தபோது ஆரம்பித்த குழப்பம்.

நாலு மாதம் கழித்து மச்சினனின் டெஸ்க்டாப்பும் மண்டையைப் போட்டது. லேப்டாப்புக்கு மாறினான், யாரோ கொடுத்த மலிவான யுஎஸ்பி கன்வெர்ட்டர், மறுபடியும் மயிலில் கோடு. இந்தத் தடவை நான் கேபிளைத் தொடவே இல்லை. ஒரு பெண் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்து கன்வெர்ட்டரில் செருகி, டெர்மினல் புரோகிராமில் ஆர்டிஎஸ்ஸை ஆன், ஆஃப் செய்தேன், சிடிஎஸ் விளக்கு கூடவே மாற வேண்டும். மாறவில்லை. கன்வெர்ட்டரின் மேல்கூட்டைப் பிரித்துப் பார்த்தால் 9 பின்னில் உள்ளே சால்டர் வைத்திருப்பது 2, 3, 5 மட்டும், மற்ற ஆறும் அழகுக்கு. கன்வெர்ட்டர் வாங்கும்போது கடையிலேயே இந்த டெஸ்ட்டைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை. 2-ஐயும் 3-ஐயும் சேர்த்து ‘டைப் அடித்தது திரும்பி வருது பாருங்க’ என்று காட்டி ஏமாற்றிவிடுவார்கள், அது டேட்டா கம்பிக்கான டெஸ்ட், ஹேண்ட்ஷேக்குக்கு இல்லை.

கேபிள் நீளம் பற்றி ஒரு வரி. 15 மீட்டர் என்று ‘சி’ பதிப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான் எடைமேடைகளில் 40 மீட்டர் வரை 1200 பாட்டில் ஓட்டியிருக்கிறேன், ஓடும், ஆனால் ஸ்டிக்கர் கடையில் அந்தத் துணிச்சல் வேண்டாம். வினைல் ரோல் உருளும்போது ஸ்டேட்டிக் கரன்ட் நன்றாகவே ஏறும், குளிர்காலத்தில் கையை வைத்தால் சுளீர் என்று அடிக்கும். மிஷின் பாடிக்கு எர்த் இல்லாவிட்டால் அது இறங்க வழி தேடி உங்கள் சீரியல் போர்ட்டைத்தான் கண்டுபிடிக்கும். எர்த் கம்பியை முதலில் பாருங்கள். இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் கேபிளை மாட்டுங்கள்.

குத்துப்பட்ட அந்த மயிலை மச்சினன் தூக்கிப் போடவில்லை, கடை கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான், யாராவது கேட்டால் “மச்சான் போட்ட வயருங்க” என்கிறான். நான் முதலில் கட்டியது மாதிரியே ஒரு 3 கம்பி கேபிள் கட்டி, 7-8 ஜம்பரைப் போட்டு, மார்க்கரில் ‘எடைமேடைக்கு மட்டும்’ என்று எழுதி டூல் பையில் வைத்திருக்கிறேன். போன வாரம்கூட ஒரு வே பிரிட்ஜில் அதை மாட்டினேன், எடை ஓடியது, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.